தங்கம் தேடிச் சென்று மின்சாரம் கண்ட பொறியியலாளர்

தொழில்நுட்பத் துறையில் தலைமைப் பதவியை எட்டிவிட்ட பலரை இன்று வாட்டும் கேள்வி ஊதியம் பற்றியதன்று. கொழும்பிலும் சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய நிறுவனங்களை நடத்துவோர், இத்தனை ஆண்டுகள் எதற்காக உழைத்தோம், இதில் மனநிறைவு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். இதற்கெனவே பயிற்சி வகுப்புகளும் நூல்களும் ஆலோசகர்களும் பெருகிவிட்டனர். அவற்றுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு அவர்கள் மலையகத்தின் மேற்குச் சரிவில் உள்ள பொல்பிட்டியவுக்கு ஒருமுறை வந்து போகலாம். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் தமது வாழ்நாளின் பெரும்பகுதியை எதற்குக் கொடுத்தார் என்பது அங்கே கண்கூடாகத் தெரியும்.

சிங்களத்தில் பொல் என்றால் தேங்காய். தேயிலை முடிந்து தென்னை தொடங்கும் தாழ்வான இடம் என்பதைப் பெயரே உணர்த்திவிடுகிறது. காசல்ரீப் பக்கமிருந்து இறங்கிவரும் கெஹெல்கமு ஓயாவும், சிவனொளிபாத மலையின் அடிவாரத்தைச் சுற்றிவரும் மஸ்கெலி ஓயாவும் இப்பகுதியில்தான் ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகின்றன. காசல்ரீ நீர்த்தேக்கத்திற்கும் பொல்பிட்டியவுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மீற்றர். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழை முழுவதும் இந்தச் சரிவில்தான் உருண்டோடுகிறது. தேயிலைத் துரைமார் இந்த மழையைக் கொழுந்தின் அளவைக் கொண்டு மதிப்பிட்டனர். விமலசுரேந்திர அதைக் குதிரைவலுவாகக் கணக்கிட்டார்.

தேவபுர ஜயசேன விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆம் திகதி காலியில் பிறந்தார். தந்தையார் கைவினைத் தேர்ச்சியால் பெயர்பெற்ற முதலியார். உலோகத்தையும் கருவியையும் கையாளும் மரபு வீட்டிலேயே இருந்தது. கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் கல்வி கற்ற பின்னர் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று மின்பொறியியலும் கற்றுத் திரும்பினார். குடியியல் பொறியியல், மின்பொறியியல் ஆகிய இரண்டிலும் தகைமை பெற்றவர்கள் அக்காலத்தில் இலங்கையரிடையே மிக அரிது.

அந்தத் திணைக்களத்தின் இயல்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாலங்களும் வீதிகளும் அரசாங்கக் கட்டடங்களும் அதன் பொறுப்பில் இருந்தன. உயர் பதவிகள் பிரித்தானியருக்கு உரியவை. சுதேசி ஒருவர் எவ்வளவு திறமைசாலியானாலும் ஒரு படிக்கு மேல் ஏறுவது கடினம். அத்தகைய இடத்தில் பணியாற்றுபவர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்வார். கொடுத்த வேலையைச் செய்துவிட்டு ஓய்வூதியத்திற்குக் காத்திருப்பது ஒன்று. யாரும் கேட்காத ஒரு வேலையைத் தாமாக எடுத்துக்கொள்வது மற்றொன்று. விமலசுரேந்திர இரண்டாவது வழியில் சென்றார்.

அவர் அந்த வழிக்கு வந்த விதம் சுவையானது. மஸ்கெலியாப் பகுதியில் தங்கம் கிடைக்குமா என்று ஆராய அரசாங்கம் அவரை அனுப்பியது. ஓயாக்களின் படுகையெங்கும் அலைந்து பார்த்ததில் தங்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அபர்டீன், லக்ஷபான நீர்வீழ்ச்சிகளின் முன்னே நின்றபோது, பாறையில் விழுந்து வீணாகும் அந்த வலுவே நாட்டின் தங்கம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிவிட்டது. லக்ஷபான என்ற பெயருக்கு இலட்சம் விளக்குகள் என்று பொருள் கூறுவோரும் உண்டு. சொல்லாராய்ச்சி எப்படியிருப்பினும், அவர் மனத்தில் எரியத் தொடங்கிய விளக்கு பின்னர் அணையவே இல்லை.

தங்கத்துக்கும் நீர்மின்சாரத்துக்கும் தென்னாசியாவில் ஒரு பழைய உறவு உண்டு. மைசூர் சமஸ்தானத்தில் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரின் முயற்சியால் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின் நிலையம் எழுந்து, 1902இல் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் சென்றது. அங்கே தங்கம் இருந்ததால் மின்சாரம் வந்தது. இங்கே தங்கம் இல்லாமற் போனதால் மின்சாரம் பற்றிய சிந்தனை வந்தது. டார்ஜிலிங் மலைநகருக்கு 1897இலேயே சிறியதொரு நீர்மின் நிலையம் அமைந்திருந்தது. நீலகிரியின் பைக்காரா 1932இல் இயங்கத் தொடங்கியது. ஆகவே விமலசுரேந்திரவின் எண்ணம் காலத்துக்கு ஒவ்வாத கற்பனையாக இருக்கவில்லை. அயல் நாட்டில் நடந்தது இங்கே நடவாதிருந்தது என்பதே உண்மை.

இலங்கைக்கு மின்சாரம் 1895இல் வந்தது. கொழும்பு பிரிஸ்டல் ஹோட்டலில் பவுஸ்ரெட் சகோதரர் நிறுவனம் ஏற்றிய விளக்குகளே தொடக்கம். பின்னர் தலைநகரில் ட்ராம் வண்டிகளும் மின்சாரத்தில் ஓடின. மலைநாட்டின் பல தேயிலைத் தோட்டங்கள் தத்தம் ஓடைகளில் சிறு சுழலிகளை வைத்து ஆலை இயந்திரங்களை ஓட்டிக்கொண்டன. கொழுந்து வாடவைக்கும் விசிறியும் அரைக்கும் இயந்திரமும் தோட்டத்து நீரிலேயே சுழன்றன. ஆனால் அவை அனைத்தும் தனியாருடைய நீர், தனியாருடைய வலு. ஆலையின் சுவரைத் தாண்டி அடுத்திருந்த லயத்துக்கு அந்த வலு எட்டவில்லை. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு மின்வலு என்ற கருத்தே அப்போது இல்லை.

நுவரெலியாவில் அவருக்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்ற இடத்தில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை 1912ஆம் ஆண்டளவில் அவர் அமைத்தார். நகருக்கு விளக்கு வந்தது. கோடைகாலத்தில் அங்கு வந்து தங்கும் ஆங்கிலேயருக்கும் அவர்தம் விடுதிகளுக்கும் அது வசதியாயிற்று. வேறொருவராயின் இந்த வெற்றியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதவி உயர்வு கேட்டிருப்பார். விமலசுரேந்திர அதை ஒரு பரிசோதனையாகவே கொண்டார் என்பது அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்த வேலையிலிருந்து தெரிகிறது.

1918ஆம் ஆண்டு இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன்னிலையில் அவர் ஓர் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். இலங்கையில் வலுப் பயன்பாட்டின் பொருளாதாரம் என்பது அதன் பொருள். தலைப்பை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சுழலி பற்றியோ அணைக்கட்டு பற்றியோ பேச வந்த ஒரு பொறியியலாளர், பொருளாதாரம் என்ற சொல்லை முன்னிறுத்தினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கடல் கடந்து வரவேண்டிய நிலக்கரி தட்டுப்பாடாகி விலையேறியிருந்தது. ரயிலும் துறைமுகமும் ஆலையும் பிறநாட்டு எரிபொருளை நம்பிக் கிடக்கும்போது, கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் அதற்கு மாற்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அவரது வாதத்தின் சாரம். ரயில் பாதையை மின்மயமாக்குவது வரை அவரது திட்டம் நீண்டிருந்தது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் அது நிறைவேறாத கனவாகவே இருந்துவருகிறது.

ஆட்சியாளர் உடனே செவிசாய்க்கவில்லை. செலவு பெரிது, மின்சாரத்தை வாங்குவோர் எங்கே என்ற ஐயம் வேறு. சுதேசி ஒருவரின் கணக்கை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் போடுவதா என்ற தயக்கமும் இருந்திருக்கும். எனினும் விமலசுரேந்திர விட்டுவிடவில்லை. இடைவிடாத வலியுறுத்தலின் பயனாக 1920களின் நடுப்பகுதியில் அபர்டீன் - லக்ஷபான திட்டத்தின் வேலைகள் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் அவை நிறுத்தப்பட்டும் விட்டன. மலையில் வெட்டிய பாதைகளில் புல் முளைத்தது. தலைநகருக்கோ எண்ணெயால் இயங்கும் இயந்திரங்களைக் கொண்டு மின்சாரம் தரும் ஏற்பாடு செய்யப்பட்டது.

ஒரு தொழில்நுட்பத் தலைவரின் வாழ்வில் இதைவிடக் கசப்பான கட்டம் வேறில்லை. திட்டம் தவறென்று நிரூபிக்கப்பட்டிருந்தால் மனம் ஆறிவிடும். சரியான திட்டம் இடைநடுவே கைவிடப்படும்போதுதான் ஒருவருடைய நோக்கம் எவ்வளவு ஆழமானது என்று தெரியவரும். அவருக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. அரசாங்க சேவையிலிருந்து விலகி ஓய்வெடுக்கும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வெடுக்கவில்லை, தேர்தலில் நின்றார். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமையுடன் நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில் இரத்தினபுரித் தொகுதியின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். கோப்புகளில் தோற்றுப்போன திட்டத்தை மக்கள் மன்றத்தில் எழுப்புவதற்காக ஒரு பொறியியலாளர் அரசியலுக்கு வருவது அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம். பதவிக்கு வந்த பின் நோக்கத்தைத் தேடுவோர் பலர். இவரிடம் நோக்கம் முன்னரே இருந்தது. அதற்கு எந்த ஆசனம் உதவுமோ அதில் போய் அமர்ந்தார்.

அதே சபையில் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராக பெரி. சுந்தரம் இருந்தார். தோட்டத் தொழிலாளர் சமூகத்திலிருந்து எழுந்த சட்டவல்லுநரான அவர், தொழில், கைத்தொழில், வர்த்தகத் துறைகளுக்கு அமைச்சராகவும் ஆனார். நிபந்தனைகளுடன் என்றாலும் தோட்டத் தொழிலாளர் வாக்களித்த தேர்தல் அது. விமலசுரேந்திர பேசிய நீர் ஓடிய மலைகளின் மக்களுக்கும் அச்சபையில் ஒரு குரல் இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அந்த நீர் மின்சாரமாகியபோது அவர்களுக்கு அந்தக் குரல் இல்லை. அதைப் பின்னர் பார்ப்போம்.

முதலாவது அரசாங்க சபை 1935இல் கலைக்கப்பட்டது. திட்டம் உயிர்பெற மேலும் காலம் பிடித்தது. ஜோன் கொத்தலாவலை போக்குவரத்து, வேலைகள் அமைச்சராக இருந்த காலத்தில் லக்ஷபான மீண்டும் பேசப்பட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. சுழலிகளும் குழாய்களும் வரவேண்டிய கப்பல்கள் போருக்குப் போயின. போர் முடிந்து, நாடு சுதந்திரம் பெற்ற பின்னரே வேலை முழுமூச்சில் நடந்தது. 1950ஆம் ஆண்டின் இறுதியில் லக்ஷபான நிலையத்தின் முதற்கட்டம் 25 மெகாவோட் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. நோர்ட்டன் பிறிட்ஜில் தடுக்கப்பட்ட நீர், சுரங்க வழியாகச் சென்று 400 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கிச் சுழலியை மோதியது. அவர் ஆய்வுரை சமர்ப்பித்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 76.

முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பை மகிழ்ச்சி என்று சொல்லலாமா? இன்றைய நிறுவனங்களின் அளவுகோலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெற்றி காட்டாதவர் தோல்வியாளர். அந்த அளவுகோலில் விமலசுரேந்திர வாழ்நாள் முழுவதும் தோற்றவர். ஆனால் அலுவலகத்தில் மதிப்புக் கிடைக்காதபோதும், வேலை நிறுத்தப்பட்டபோதும், சபை கலைக்கப்பட்டபோதும் அந்த மனிதர் வேறொரு வேலைக்குத் தாவிவிடவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கசப்பு மட்டுமே மிஞ்சியிருந்தால் எவராலும் ஒரே கருத்தை அத்தனை காலம் சுமக்க இயலாது. தம் கணக்கு சரியானது, அது ஒருநாள் பலருக்குப் பயன்படும் என்ற உறுதியில் கிடைக்கும் நிறைவு எளிதில் தேய்வதில்லை என்றே தோன்றுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொண்டால் மலையகத் தமிழ் வாசகருக்கு நியாயம் செய்ததாகாது.

1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகள் பலவற்றில் தமிழ் உறுப்பினர்கள் வென்றிருந்தனர். 1952இல் ஒருவரேனும் தெரிவாகவில்லை. இந்த இரு தேர்தல்களுக்கும் நடுவேதான் லக்ஷபானவில் விளக்கு எரிந்தது. உயர் அழுத்தக் கம்பிகள் தேயிலைச் சரிவுகளின் மேலாகக் கொலன்னாவை நோக்கிச் சென்றன. அந்தக் கம்பிகளின் கீழே குனிந்து கொழுந்து பறித்தவர்கள் மாலையில் குப்பி விளக்கின் வெளிச்சத்துக்குத்தான் திரும்பினர். பல தோட்டங்களில் லயன் அறைகளுக்கு மின்சாரம் வந்துசேர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. மண்ணெண்ணெய்ப் புகையில் படித்து வளர்ந்தவர்கள் ஒரு தலைமுறையினர் மட்டும் அல்லர்.

இது விமலசுரேந்திரவின் குற்றமா? அவ்வாறு கூறுவது மிகையாகும். அவர் எல்லாருக்குமான மின்சாரத்தையே கணக்கிட்டார். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதை அரசியலும் தோட்ட நிர்வாகங்களும் தீர்மானித்தன. ஆயினும் தொழில்நுட்பத்தை நடத்துவோர் இதிலிருந்து தப்பிக்கொள்ள முடியாது. பொறியியலாளர் வலுவை உருவாக்கித் தந்துவிட்டு, பங்கீடு என் வேலையன்று என்று கைகழுவிவிட்டால், அவரது நோக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கணினித் துறையில் இருப்போருக்கும் இது பொருந்தும். எத்தனை இலட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையில் நிறைவு காண்போர், கம்பி தலைக்கு மேலே போயும் தம் வீட்டுக்கு வராதவர்கள் யார் என்று கேட்பது குறைவு.

மின்சாரத்துக்காக மலையகம் கொடுத்த விலையும் உண்டு. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. கடைவீதியும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் கீழே போயின. நகரம் மேட்டில் புதிதாக எழுந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் எச்சங்கள் வெளியே தெரிகின்றன. அதைப் பார்ப்பதற்கென்றே ஊர்மக்கள் சேற்றில் இறங்கிச் செல்கின்றனர். முதியவர்கள் இது இன்னாருடைய கடை, இது அந்தத் தெரு என்று காட்டிக்கொடுப்பர்.

இனி அந்த நீர் செய்யும் வேலையைப் பார்ப்போம். காசல்ரீயில் தேங்கிய நீர் முதலில் நோர்ட்டன் பிறிட்ஜ் நிலையத்தில் சுழலியைச் சுற்றுகிறது. 50 மெகாவோட் ஆற்றலுடன் 1965இல் திறக்கப்பட்ட அந்நிலையம் விமலசுரேந்திர என்ற பெயரையே தாங்குகிறது. அங்கிருந்து வெளியேறும் அதே நீர் பழைய லக்ஷபான நிலையத்தில் இரண்டாம் முறை உழைக்கிறது. மவுசாகலையிலிருந்து வரும் மஸ்கெலி ஓயாவின் நீர் கனியன் நிலையத்தையும் புதிய லக்ஷபான நிலையத்தையும் கடந்து வருகிறது. இரண்டும் லக்ஷபான குளத்தில் கலந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பொல்பிட்டியவுக்கு வந்து மீண்டும் ஒருமுறை சுழலியைச் சுற்றுகின்றன. பொல்பிட்டிய நிலையம் 75 மெகாவோட் ஆற்றலுடன் 1969இல் தொடங்கப்பட்டது. இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஒரே துளியிடம் மூன்று முறை வேலை வாங்கிவிட்டுக் களனியில் விடுகிறார்கள். அதன் பிறகும் கித்துல்கலைக்கு அருகே ப்ரோட்லன்ட்ஸ் நிலையம் காத்திருக்கிறது. சிக்கனமான குடும்பத் தலைவி அரிசி கழுவிய நீரையும் வீணாக்காதது போன்ற ஏற்பாடு இது. இரண்டு ஓயாக்களின் வலுவையும் பயன்கொள்ளலாம் என்று 1918இல் ஒருவர் கணக்கிட்டதன் நீட்சியே இந்தத் தொடர்.

அவரது மற்றக் கணக்கும் நெடுநாள் கழித்துச் சரியென்று தெரிந்தது. நாட்டின் மின் தேவை பெருகியபோது எண்ணெயையும், 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரியையும் நம்ப வேண்டியதாயிற்று. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது எரிபொருள் வாங்க வழியின்றி, மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு அமுலானது. அணைகளிலும் நீர் குறைந்திருந்த பருவம் அது. பிறநாட்டு எரிபொருளை நம்பியிருப்பதன் ஆபத்தை முதல் உலகப் போர்க் காலத்திலேயே எடுத்துரைத்த ஒருவரின் ஆய்வுரை நூலகங்களில் இருக்கத்தான் செய்தது. அந்த மாதங்களில் கொழும்பின் அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்களும் லயன் அறையின் இருட்டு எப்படிப்பட்டது என்பதைச் சற்றே உணர்ந்திருப்பர்.

விமலசுரேந்திர 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி காலமானார். லக்ஷபான மின்சாரத்தை அவர் மூன்று ஆண்டுகள்கூட முழுமையாகக் காணவில்லை. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களோ பொல்பிட்டிய நிலையமோ அப்போது எழவில்லை. நீர்மின்சாரத்தின் தந்தை என்ற பட்டம் பின்னர் அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது.

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் ஆண்டுதோறும் அவர் நினைவாகப் பேருரை நடத்திவருகிறது. கொழும்பில் அறிஞர் கூடும் நிகழ்ச்சி அது. ஒரு முறையேனும் அதை நோர்ட்டன் பிறிட்ஜிலோ மஸ்கெலியாவிலோ பொல்பிட்டியவிலோ, தமிழிலும் சிங்களத்திலும் நடத்தலாம். 2013இல் உயர்தர வகுப்புகளில் தொழில்நுட்பப் பாடப்பிரிவு அறிமுகமான பின்னர் தோட்டப்புறப் பிள்ளைகளும் அதை நாடுகின்றனர். தம் வீட்டு வாசலில் ஓடும் ஓயாவை ஒரு மனிதர் எப்படிப் படித்தார் என்பதை அவர்கள் நிலையத்துக்குள்ளேயே நின்று, சுழலியின் இரைச்சலுக்கு நடுவே, பொறியியலாளர் ஒருவரின் வாயால் கேட்கட்டும்.